சர்வே எண்ணும் கியூ எண்ணும்

கிராமக் கணக்குப்பிள்ளை என்னும் உத்தியோகம் 1980இல் எடுபடுவதற்கு முன், இராசிபுரத்துப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திண்ணையருகே சிறுவனாக நின்று நான் பார்த்த காட்சி ஒன்று, இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் கண்முன் வந்து நிற்கிறது. வரப்புத் தகராறு ஒன்றைத் தீர்க்க வந்திருந்த கணக்குப்பிள்ளை, துணி ஒட்டிய கிராம வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு கல்லை வைத்தார். தகராறுக்குரிய நிலத்தின்மேல் விரலை வைத்து, அதனுள் எழுதியிருந்த எண்ணை உரக்கப் படித்தார். பிறகு மூட்டையிலிருந்து ‘அ’ பதிவேட்டை எடுத்து, அதே எண்ணுக்குரிய வரியைத் தேடிப் பிடித்து, நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை என்ன, பட்டா யார் பேரில் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். படத்தில் பேர் கிடையாது. பதிவேட்டில் உருவம் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கட்டியது அந்தச் சர்வே எண் ஒன்றே.

இன்று உலகத்தார் பலர் கூடி வரையும் பொதுப் படம் ஒன்றும், அதே விதமாகப் பலர் கூடி நிரப்பும் அறிவுப் பதிவேடு ஒன்றும் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முன்னது, 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். பின்னது, 2012 அக்டோபர் 29ஆம் நாள் திறக்கப்பட்ட விக்கித்தரவு. விக்கிப்பீடியாக்களுக்கெல்லாம் பொதுவான தகவல் களஞ்சியமாக எண்ணித் தொடங்கப்பட்டு, இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தாங்கி நிற்பது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘கியூ’ என்ற எழுத்தோடு கூடிய ஓர் எண் உண்டு. இந்தியா கியூ 668, தமிழ்நாடு கியூ 1445, தமிழ்மொழி கியூ 5885. படத்தில் வரையப்பட்ட ஓர் ஏரியின் மேலோ கோயிலின் மேலோ ‘விக்கித்தரவு’ என்ற குறிச்சொல்லை வைத்து, அதற்கு நேராக உரிய கியூ எண்ணை எழுதிவிட்டால், படமும் பதிவேடும் ஒரு முடிச்சில் கட்டுண்டு விடுகின்றன. செய்வதற்கு அரை நிமிஷ வேலை. செய்யலாமா, எதை எதனோடு செய்யலாம் என்று தீர்மானிப்பதற்கோ சில சமயம் அரை நாள் போதாது. சேலம், நாமக்கல் சமவெளியை உதாரணமாக வைத்துக்கொண்டு அந்தத் தீர்மானத்தின் தன்மையைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், முடிச்சைப் படத்தின் பக்கத்தில் போடுவதா, பதிவேட்டின் பக்கத்தில் போடுவதா என்பது. பொதுப் படத்தில் உள்ளவை யாவும் புள்ளி, கோடு, இவற்றைச் சேர்த்த கூட்டு என்னும் மூவகையில் அடங்கும். மூன்றுக்கும் எண்கள் உண்டு. ஆனால் அந்த எண்கள் நிலையானவை அல்ல. திருச்செங்கோட்டுக் கோயிலை ஒருவர் இன்று ஒரு புள்ளியாக வைக்கிறார். நாளை வேறொருவர் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து மதிற்சுவரைச் சுற்றி வரைந்து, பழைய புள்ளியை அழித்துவிடுகிறார். கோயில் மலைமேல் இருந்தபடியே இருக்கிறது, எண் மட்டும் போய்விட்டது. சாலையில் ஒரு பாலம் வந்தால் கோடு மூன்றாக வெட்டுண்டு, இரண்டு துண்டுகளுக்குப் புது எண் விழுகிறது. நமது நில அளவைக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்: 112ஆம் எண் பாகப்பிரிவினையில் 112/1, 112/2 என்று உடையுமே தவிர, காணாமற் போகாது, மறு அளவையில் எண்ணே மாறினாலும் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புமை அட்டவணை ஒன்றை எழுதிவைத்தார்கள். கியூ எண்ணின் குணம் ஏறக்குறைய இதுதான். ஒரே பொருளுக்கு இரண்டு பதிவுகள் இருப்பது தெரிந்து அவற்றை ஒன்றாக்கினால், கைவிடப்பட்ட எண் புதிய எண்ணுக்கு வழிகாட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நிலையற்ற படத்தின்மீது நிலையான கியூ எண்ணை எழுதிவைப்பதே நடைமுறையில் உறுதியானது என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். விக்கித்தரவின் பக்கத்திலிருந்து படத்தின் எண்ணைச் சுட்டும் வழியும் உண்டு. முதலில் கூட்டுகளுக்கும், பின்னாளில் கோடு, புள்ளி ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பண்புகள் ஏற்பட்டன. மாவட்ட எல்லை போன்று அடிக்கடி அழித்து எழுதப்படாத கூட்டுகளுக்கு அது பொருந்தும். மற்றவற்றுக்கு அதை நம்பியிருப்பது மணலில் நட்ட எல்லைக்கல்.

இந்த இணைப்பினால் விளையும் பிரயோஜனம் என்ன? விக்கிப்பீடியாவில் ஒரு வட்டத்தைப் பற்றிய கட்டுரையைத் திறக்கும்போது அதன் எல்லையைப் படத்தில் கோடிட்டுக் காட்டும் வசதி, பொதுப் படத்தில் அந்தக் கியூ எண் எந்த உருவத்தின்மேல் எழுதப்பட்டிருக்கிறதோ அதைத் தேடி எடுத்துத்தான் வேலை செய்கிறது. எண்ணைத் தவறான உருவத்தின்மேல் எழுதினால் கட்டுரையில் தவறான ஊரே விளங்கும். பொதுப் படத்திலிருந்து வரைபடம் தயாரிப்போர் சிலர், இடப்பெயர்களைப் பல மொழிகளில் எழுதுவதற்கு விக்கித்தரவின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்கிறார்கள்; ஆகவே அங்கே ஒருவர் தமிழில் எழுதிய ஊர்ப்பெயர், அவர் அறியாத யாரோ ஒருவருடைய கைப்பேசிப் படத்தில் தமிழாகவே தோன்றக்கூடும். இன்னும் நுட்பமான கேள்விகளும் கேட்கலாம். இன்றைய நாமக்கல் மாவட்ட எல்லைக்குள் பிறந்த புலவர் யார் என்று கேட்டால், எல்லையைப் படமும், பிறப்பிடத்தைப் பதிவேடும் தர, மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை விடையாக வந்து நிற்பார். ராஜாஜியைச் சேலம் மாவட்டத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் பிறந்த 1878இல் தொரப்பள்ளி சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965இல் தருமபுரி பிரிந்தபோது அதனுடன் போய், 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அங்கே சேர்ந்தது. படம் இன்றிருப்பதை மட்டும் சொல்லும். பதிவேட்டில்தான், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறித்துவைக்க இடமுண்டு. இந்த வித்தியாசத்தை மறந்தவர்களே இணைப்பு வேலையில் அதிகமாகச் சறுக்குகிறார்கள்.

இனி, பெயரால் வரும் சங்கடம். இது விஸ்தாரமானது, நிதானமாகவே பார்க்கவேண்டும்.

இராசிபுரம் என்று சொன்னால் நாம் நினைப்பது ஓர் ஊர்: பேருந்து நிலையமும் கடைவீதியும் நெய் வியாபாரமும் பட்டுத் தறியும் உள்ள ஓர் ஊர். அரசாங்கத்தின் ஏட்டிலோ இராசிபுரம் ஒரு நகராட்சி, ஒரு வட்டம், ஓர் ஊராட்சி ஒன்றியம், ஒரு சட்டமன்றத் தொகுதி. நான்கின் எல்லையும் நான்கு விதம். வட்டத்துக்குத் தலைவர் தாசில்தார். ஒன்றியத்துக்கு அதிகாரி வேறு. தொகுதியின் கோட்டை, எல்லை வரையறைக்கென அமைந்த ஆணையம் கிழிக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் இப்படிப்பட்டவற்றுக்கு வெவ்வேறு கட்டுரைகளும், அதனால் விக்கித்தரவில் வெவ்வேறு பதிவுகளும் இருப்பது வழக்கம். படத்தில் ஊரைக் குறிக்கும் புள்ளி ஒன்று, நகராட்சி எல்லைக் கூட்டு ஒன்று, வட்டத்தின் எல்லைக் கூட்டு ஒன்று என்று இருக்கும். எந்தப் புள்ளிக்கு எந்தக் கியூ? பெயரை மட்டும் வைத்துப் பார்க்கும் யந்திரத்துக்கு எல்லாம் இராசிபுரமே. ஊரின் புள்ளியும் நகராட்சியின் எல்லையும் ஒரே கியூ எண்ணைப் பெறலாமா என்பதில் இரு கட்சிகள் உண்டு: ஊர் என்பது மக்கள் வாழும் இடம், நகராட்சி என்பது சட்டத்தால் உண்டான ஸ்தாபனம், ஆகவே இரண்டும் வேறு என்பது ஒரு கட்சி; நம் நாட்டில் கட்டுரைகளே இரண்டையும் ஒன்றாகப் பேசும்போது முடிச்சில் மட்டும் பிரிப்பது வீண் நுணுக்கம் என்பது மற்றொன்று. நான் பின்னதைச் சேர்ந்தவன். ஆனால் வட்டத்தையும் ஊரையும் கலப்பதை மட்டும் எந்தக் கட்சியும் ஒப்புக்கொள்ள நியாயமில்லை. இராசிபுரம் வட்டத்தின் ஜனத்தொகை இராசிபுரம் நகரத்தின்மேல் ஏறிவிட்டால், அந்தப் பிழை பிற மொழிகளுக்கும் பரவிப் பிறகு எவராலும் பிடுங்க முடியாத முள்ளாகிவிடும்.

ஒரு பெயர் பல பொருளைக் குறிப்பது போல, பல ஊர்கள் ஒரே பெயரைத் தாங்குவதும் உண்டு. பரமத்தி வேலூர் காவிரிக்கரையில் இருக்கிறது. கோட்டையும் மருத்துவக் கல்லூரியும் உள்ள வேலூர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து வேறுபாட்டால் இரண்டும் பிரிந்துவிடும். தமிழில் இரண்டும் ஒரே வேலூர். ஆத்தூரும் அப்படியே: சேலம் மாவட்டத்து வசிஷ்ட நதிக்கரை ஆத்தூர் ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்று, தாமிரவருணிக் கரையோரம் ஒன்று. சேலத்தின் கதி இதற்கு நேர்மாறானது. தமிழில் அதற்கு மயக்கம் இல்லை. ஆங்கில எழுத்தில் தேடினால் அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத் தலைநகரும் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஒரு பழைய துறைமுக நகரமும் முன்வந்து நிற்கும். அந்த ஊர்களின் பெயர் எபிரேய வேதத்திலிருந்து சென்றது. நம் ஊரின் பெயர் சைலம் என்பதிலிருந்தா சேரலம் என்பதிலிருந்தா என்று பண்டிதர்கள் வழக்காடட்டும்.

ஆறுகளில் திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்தின் நடுவே சாக்கடையும் சாயமும் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலப்பது. மணிமுத்தாறு என்று திருநெல்வேலியிலும் விருத்தாசலத்திலும் வேறு ஆறுகள் இருக்கின்றன. அது ஒரு சங்கடம். அதைவிடப் பெரியது, படத்தில் ஓர் ஆறு ஒரே கோடாக இருப்பதில்லை என்பது. ஒவ்வொரு பாலத்திலும் குழாயிலும் வெட்டுண்டு பல துண்டுகளாகக் கிடக்கும். துண்டு ஒவ்வொன்றின் மேலும் கியூ எண்ணை எழுதினால், ஓர் ஆறு பல ஆறுகளாகக் கணக்கில் வந்துவிடும். துண்டுகளையெல்லாம் ஒரு கூட்டாகச் சேர்த்து, அந்தக் கூட்டின்மேல் மட்டும் எழுதுவதே கிரமம்.

நாமக்கல் பாறைக்கு வருவோம். ஊருக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கும் அந்த ஒரே கல்லின் உச்சியில் கோட்டை. மேற்குப் பக்கத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதர் குடைவரை. அடியில் கமலாலயக் குளம். நரசிங்கரைப் பார்த்துக் கைகூப்பியபடி, மேலே கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். மலை இயற்கையின் பொருள். கோட்டை சரித்திரத்தின் பொருள். குடைவரைகள் அதியர் காலத்துச் சிற்பக் கலையின் பொருள். ஆஞ்சநேயர் கோயில் இன்றைய பக்தியின் பொருள். பாறையின் வெளிக்கோடும் கோட்டையின் மதிற்கோடும் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். அங்கே ஒருமுறை ஏறி இறங்கியவர், எந்தக் கோடு எதற்கு என்பதைக் கேட்காமலே சொல்வார். ஏறாதவர் எத்தனை ஏடு புரட்டினாலும் தடுமாறுவார்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரத்தின் அந்தப் படநிலையம் 1937இல் ‘சதி அகல்யா’ தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. படநிலையம் போய், அந்த நிலத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. வளைவு மட்டும் மிச்சம். பொதுப் படத்தின் விதி, இன்று தரையில் உள்ளதை மட்டும் வரையவேண்டும் என்பது. ஆகவே படத்தில் இருக்கக்கூடியது வளைவு. பதிவேட்டில் இருப்பது கம்பெனி. ஆசை மிகுதியால் கம்பெனியின் எண்ணை வளைவின்மேல் எழுதிவிட்டால், செங்கல்லும் காரையுமான ஒரு வாயில் சினிமா எடுத்ததாகிவிடும். வளைவுக்கென்று தனிப் பதிவு ஒன்றை உண்டாக்கி, அது இன்ன கம்பெனியின் எச்சம் என்று பதிவேட்டுக்குள்ளேயே சம்பந்தப்படுத்துவதுதான் சரியான வழி. இதே ஜாதிப் பிழைதான் காந்தி சாலையின்மேல் காந்தியடிகளின் எண்ணை எழுதுவதும், இந்தியன் வங்கியின் ஒரு கிளைமேல் 1907இல் பிறந்த அந்த வங்கி முழுவதன் எண்ணையும் எழுதுவதும். பெயர்க்காரணத்தைச் சொல்ல ஒரு குறிச்சொல், வணிகப் பெயரைச் சொல்ல ஒரு குறிச்சொல், சிலை யாருடையது என்று சொல்ல ஒரு குறிச்சொல் என்று தனித்தனியே ஏற்படுத்தியிருக்கிறார்கள். இருந்தும் பிழை நிகழ்கிறது. கைக்கு முதலில் அகப்படும் பெட்டியில் எழுதிவிடுவது மனித சுபாவம்.

வேலை மலைபோல் கிடக்கும்போது யந்திரத்திடம் விட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் தோன்றுவதுதான். பெயர் ஒப்புமை, தூரம், பொருளின் வகை ஆகிய மூன்றையும் வைத்துப் பொருத்தமான ஜோடிகளை எடுத்துக்காட்டும் கருவிகள் இருக்கின்றன. எட்வர்ட் பெட்ஸ் என்பவர் செய்தது அவற்றுள் பேர்பெற்றது. அது ஜோடியைக் காட்டும். ஆம் என்று சொல்லவேண்டியது மனிதன். அந்தக் கடைசிப் படியையும் யந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம், நம்மிலிருந்து வெகுதூரத்தில், பிலிப்பைன்ஸ் தேசத்துச் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் கிடைக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஸ்வெர்க்கர் ஜோஹான்சன் எழுதிய தானியங்கி நிரல் ஒன்று, ஜியோநேம்ஸ் என்னும் இடப்பெயர்ப் பட்டியலை விழுங்கி, உலகத்து மலை, ஆறு, ஊர்களைப் பற்றி லட்சக்கணக்கில் கட்டுரைகளைப் பெய்தது. அவை ஒவ்வொன்றுக்கும் விக்கித்தரவில் பதிவு ஏற்பட, முன்பே பதிவு இருந்த பல இடங்களுக்கு இரட்டைப் பதிவுகள் உண்டாயின. அந்தப் பட்டியலில் பல இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகள், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலை அளவுக்கு முழுமைப்படுத்தப்பட்டவை. ஒரு கலை என்பது தரையில் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். இமயமலையில் அது பெரிய விஷயமில்லை. பட்டியும் பாளையமும் புதூரும் கூப்பிடு தூரத்தில் நெருங்கிக் கிடக்கும் இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தில் அதில் பாதி தூரம் தள்ளினாலே ஓர் ஊரின் புள்ளி அடுத்த ஊரின் மாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரோ, ஆங்கில எழுத்திலிருந்து திரும்பத் தமிழாக்கியதில் சேந்தமங்கலம் சென்டமன்கலமாக நிற்கும். பொதுப் படத்தார், மொத்தமாக யந்திரத்தால் மாற்றம் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே பலரறிய விவாதித்து ஒப்புதல் பெறவேண்டும் என்று விதித்திருப்பது இத்தகைய அனுபவங்களால்தான்.

ஆங்கில எழுத்தின் விஷயத்தில் நம் அரசாங்கமும் ஒருமுறை கைவைத்துப் பார்த்தது. 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றும் ஆணை வெளிவந்து, சில நாட்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் படத்தில் எழுத்தை மாற்றியவர்கள் மறுபடி மாற்றவேண்டியிருந்திருக்கும். கியூ எண்ணோ எந்த ஆணைக்கும் அசையாது.

உரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொதுப் படத்தின் தரவு 2012 செப்டம்பர் முதல், எடுப்பவர் மூலத்தைச் சொல்லவேண்டும், தரவைத் திருத்தி வெளியிட்டால் அதே நிபந்தனையில் வெளியிடவேண்டும் என்ற உரிமத்தின்கீழ் வந்தது. ஒன்றரை மாதம் கழித்துத் திறக்கப்பட்ட விக்கித்தரவோ எந்த நிபந்தனையுமின்றி யாவர்க்கும் பொது. ஆதலால் படத்திலிருந்து அள்ளிப் பதிவேட்டில் கொட்டுவது கூடாது. பதிவேட்டின் அட்சரேகை தீர்க்கரேகைகள் உரிமை காக்கப்பட்ட தனியார் படங்களைப் பார்த்து எழுதப்பட்டவையாகவும் இருக்கக்கூடும் என்பதால், அங்கிருந்து படத்துக்கு அள்ளுவதும் உசிதமல்ல. இருவரும் தத்தம் வீட்டில் தத்தம் சரக்கை வைத்துக்கொண்டு, நடுவே ஒரு கதவை மட்டும் வைத்துக்கொள்வதே இணைப்பு.

படத்தையும் பதிவையும் சேர்த்துப் பார்க்கும் ஆசை இந்தச் சீமைக்குப் புதிதன்று. லெ பானு என்ற ஆங்கில அதிகாரி 1883இல் சேலம் ஜில்லாவைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1918இல் ரிச்சர்ட்ஸின் கெஜட்டியர் வந்தது. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்திலும் நம் ஊர்கள் அகரவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஊரைப் பற்றிப் படித்தவர், அது எங்கே என்று பார்க்க வேறொரு படத்தைத் தேடவேண்டும். அந்தத் தேடலில் ஏற்படும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது படிப்பவர் பொறுப்பாக இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு முடிச்சுப் போடுகிறவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவதற்காக ஆயிரம் முடிச்சுப் போடுகிறவரைவிட, தான் கண்ட பத்தைப் போட்டு நிறுத்துகிறவரிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

சேலம் கன்னங்குறிச்சியில் ஒருநாள் இதைச் சொந்தக் கையால் செய்து பார்த்தேன். ஏற்காட்டு மலையடிவாரத்தில் இரண்டு ஏரிகள். ஒன்று மூக்கனேரி, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் நட்டுப் பறவைகள் வந்து தங்கும்படி செய்திருப்பதால், படத்தில் அதைச் சரியாக வரைய வேண்டுமானால் வெளிக்கரை ஒரு வளையமும் திட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வளையமுமாகக் கூட்டு ஒன்றை அமைத்து, கியூ எண்ணை அந்தக் கூட்டின்மேல் வைக்கவேண்டும், கரையின்மேல் வைத்தால் திட்டும் தண்ணீராகிவிடும். மற்றொன்று புது ஏரி. கன்னங்குறிச்சி ஏரி என்று ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் வருவது இவற்றுள் எது என்பதே என் ஐயம். மூக்கனேரிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

“கன்னங்குறிச்சி ஏரின்னா இதுதானுங்களா?”

“இது மூக்கனேரிங்க. கன்னங்குறிச்சி ஏரின்னும் சொல்லுவாங்க. வெளியூர்க்காரங்க சொல்றதுங்க அது.”

“புது ஏரி?”

“அதையுந்தான் சொல்லுவாங்க. மேக்கால ஊட்டுக்காரன் அதைச் சொல்லுவான், நாங்க இதைச் சொல்லுவோம். மலைத்தண்ணி அங்க ரொம்பி இங்க வருதுங்க, ரெண்டும் ஒரே தண்ணிதானே?”

வீட்டுக்கு வந்து மூக்கனேரியின் கூட்டின்மேல் அதன் எண்ணை எழுதினேன். ‘கன்னங்குறிச்சி ஏரி’ என்பதை மாற்றுப் பெயராகக்கூட எங்கும் சேர்க்கவில்லை. புது ஏரியை அப்படியே விட்டுவிட்டேன். ஊராட்சி காலத்து ஏரி புறம்போக்குக் கணக்கில் அதற்கு என்ன சர்வே எண், என்ன பெயர் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருக்கிறேன்.